கீழக்கரைக் காசுக் கடை: வெண்கலத்தில் வார்த்த இத்தாலி தெய்வங்கள்

வெண்கலம் என்று யார் எதை நீட்டினாலும் நான் முதலில் நகத்தால் சுண்டிப் பார்ப்பேன். அப்பாவிடம் இருந்து வந்த பழக்கம். ராமநாதபுரம் அரண்மனை வாசல் பக்கம் எங்களுக்குப் பாத்திரக் கடை. பின்கட்டில் சின்னப் பட்டறை. அண்டாவுக்கு ஓட்டை அடைப்பது, பித்தளைக்கு ஈயம் பூசுவது, கோயில் மணிக்கு நாக்கு மாற்றுவது, குத்துவிளக்கில் அன்னம் ஒடிந்திருந்தால் புதிதாக வார்த்துக் கொடுப்பது என்று முப்பது வருஷமாக இதுதான் பிழைப்பு. கீழக்கரையில் ஒருவர் பழங்கால இத்தாலி நகரங்களின் வெண்கலக் காசுகளை அதே எடையில் வார்த்து விற்கிறார் என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னார். எனக்குக் காசைவிட வார்ப்பைப் பார்க்கத்தான் ஆசை வந்தது. இதுவரை மூன்று முறை போய்விட்டேன். வாங்கியதையெல்லாம் எடை போட்டு, சுண்டி, துடைத்துப் பார்த்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. கடைத்தெருவில் இருந்து கடற்கரைக்கு இறங்கும் சந்துகளில் ஒன்றில், வீட்டுத் திண்ணையை அடைத்துக் கட்டிய ஒற்றை அறை. பிற்பகல் அஸர் தொழுகைக்கு அப்புறம் திறந்தால் பொழுது சாயும் மக்ரிப் வரைக்கும். வெள்ளிக்கிழமை இல்லை. உள்ளே ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு மின்னணுத் தராசு, சுவரில் இத்தாலி வரைபடம், இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. கடைக்காரர் 26 வருஷம் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். ஊர் வழக்கப்படி எல்லோரும் அவரைக் காக்கா என்று கூப்பிடுகிறார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். கப்பல் பிரிண்டிசியிலும் நேப்பிள்ஸிலும் நிற்கும்போதெல்லாம் மற்றவர்கள் சாமான் வாங்கப் போனால் இவர் அருங்காட்சியகத்துக்குப் போவாராம். ரோமில் தெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பலாட்சோ மாஸ்ஸிமோ என்று ஒரு அருங்காட்சியகம். அதன் அடித்தளத்தில் காசுகளுக்கென்றே ஒரு பகுதி உண்டு. அங்கே ஒருநாள் முழுக்க நின்றிருக்கிறார். ஓய்வுபெற்று ஊருக்கு வந்ததும் தனக்குத் தெரிந்த வார்ப்புப் பட்டறைக்காரரைப் பிடித்து இந்த வேலையைத் தொடங்கிவிட்டார்.

போனவுடன் நான் கேட்ட முதல் கேள்வி கொஞ்சம் கடுமையானது. அதற்குக் காரணம் உண்டு. சில வருஷம் முன்னால் கடற்கரை ஒன்றில் ஒருவர், வைகை முகத்துவாரத்து மணலில் கிடைத்த ரோமானியக் காசு என்று சொல்லி என்னிடம் 2,500 ரூபாய்க்கு ஒன்றைத் தள்ளிவிட்டார். அழகன்குளம் நம் பக்கத்து ஊர். அங்கே தொல்லியல் துறை 1986-87 முதல் தோண்டியதும், ரோமானியச் செப்புக் காசுகள் கிடைத்ததும், கப்பல் கீறிய பானை ஓடு கிடைத்ததும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெருமையை வைத்தே என்னை ஏமாற்றினார். வீட்டுக்கு வந்து புளி போட்டுத் தேய்த்தால் பச்சைக் களிம்பு பெயிண்ட் மாதிரி உரிந்து வந்தது. உள்ளே சுத்தமான பித்தளை, விளிம்பில் புது அரம் ஓடிய கோடு. பித்தளையோடு வாழ்கிறவன் நான், எனக்கே அப்படி நடந்தது. அதனால் காக்காவிடம் நேராகவே கேட்டேன்: "இதுல எது அசல், எது மாதிரி?"

அவர் ஒரு காசை எடுத்து விளிம்பை விளக்கு வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். விளிம்பில் சின்னதாக 'மா' என்ற எழுத்து உளியால் குத்தியிருந்தது. "எல்லாமே மாதிரிதான் தம்பி. ஒண்ணு விடாம எல்லாத்துலயும் இந்த எழுத்து இருக்கும். நாளைக்கு நான் இல்லாதப்ப என் பேரனே இதை அசல்னு சொல்லி வித்துரக் கூடாது" என்றார். மண்ணில் புதையலாகக் கிடைப்பதைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-லேயே சட்டம் இருக்கிறது, பழம்பொருள் விற்க உரிமம் வேண்டும் என்று 1972 சட்டம் சொல்கிறது, அந்த வம்பே தனக்கு வேண்டாம் என்றார். இன்னொன்றும் சொன்னார். அழகன்குளத்தில் கிடைத்தவை கி.பி. 4-ஆம் நூற்றாண்டு வாக்கில் வந்த பொடிக் காசுகள். தான் வார்ப்பவை அதற்கு ஐநூறு, அறுநூறு வருஷம் மூத்தவை. இந்தக் கரைக்கு வந்தவை என்று சொல்லி விற்க மாட்டேன் என்றார். அந்த இடத்தில் எனக்கு அவர்மேல் முழு நம்பிக்கை வந்துவிட்டது.

இனி சரக்கு. முதலில் வாங்க வேண்டியது ரோம் நகரத்து ஆறு காசு வரிசை. கி.மு. 225 வாக்கில் ரோம் வார்த்த பெரிய வெண்கலக் காசுகள் இவை. பெரியதற்கு ஆஸ் என்று பெயர். அதைப் பன்னிரண்டாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு உன்சியா. நடுவில் அரை, மூன்றில் ஒன்று, நாலில் ஒன்று, ஆறில் ஒன்று என்று நாலு காசு. நாம் அரை, கால், அரைக்கால் என்று பிரித்த மாதிரிதான். எழுதப் படிக்கத் தெரியாதவனும் ஏமாறக் கூடாது என்று காசிலேயே குறி இருக்கிறது. ஆஸில் ஒரு கோடு, அரையில் எஸ் எழுத்து, மற்றவற்றில் புள்ளிகள். நாலு புள்ளி, மூன்று, இரண்டு, ஒன்று. இருட்டில் விரலால் தடவியே எண்ணிவிடலாம், அவ்வளவு துருத்தலாக இருக்கின்றன அந்தப் புள்ளிகள்.

ஆஸை உள்ளங்கையில் வைத்தார். கை இறங்கியது. உள்ளங்கை முழுவதையும் அடைத்துக்கொண்டு ஒரு வட்டு. கடைத் தராசில் 268 கிராம். வீட்டுக்கு வந்து என் தராசில் போட்டேன், அதே 268. அரை 134, அடுத்தது 89, 67, 45, கடைசிக் குட்டி 22. பன்னிரண்டால் வகுத்துப் பாருங்கள், ஒன்றில்கூடப் பிசகு இல்லை. அசலிலும் இந்த வரிசை ஆஸ் ஏறக்குறைய 270 கிராம்தான். எடைதான் அன்றைக்குப் பணம். லத்தீனில் எடை போடுவதற்கும் பணம் கொடுப்பதற்கும் ஒரே சொல். வெண்கலத்துக்கு அவர்கள் சொன்ன ஏஸ் என்ற சொல்லுக்கே காசு என்ற பொருளும் உண்டு. பாத்திரத்தை எடைக்குப் போட்டு எடைக்கு வாங்குகிற எங்கள் தொழிலில் இருப்பவனுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

காக்கா கண்ணாடிப் பெட்டியில் இன்னொரு ஆஸையும் வைத்திருக்கிறார். அதே முகம், அதே கப்பல், எடை மட்டும் 53 கிராம். வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்துத் தளபதி ஹன்னிபால் கி.மு. 218-ல் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குள் இறங்கிய பிறகு, படைச் செலவு தாங்காமல் ரோம் காசின் எடையைக் குறைத்துக்கொண்டே போனது. ஏழெட்டு வருஷத்தில் ஐந்தில் ஒரு பங்காகிவிட்டது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "சாமி அதே சாமிதான் தம்பி, உடம்புதான் இளைச்சுப் போச்சு" என்றார். அந்தப் போரைப் பற்றி நான் பள்ளிக்கூடத்தில் படித்ததெல்லாம் அந்த இரண்டு வட்டுகளைக் கையில் வைத்தபோதுதான் உறைத்தது.

ஆஸில் இருப்பவர் யானுஸ். முன்னும் பின்னுமாக இரண்டு முகம், தாடியோடு. வாசலுக்கு உரிய தெய்வம். ஜனவரி மாதத்துக்குப் பெயர் வந்தது இவரால்தான். ரோமில் இவருடைய சன்னதிக் கதவு போர்க்காலத்தில் திறந்திருக்கும், எங்கும் போர் இல்லையென்றால் சாத்தியிருக்கும். புது வீட்டுக்கு நிலை வைக்கும்போது நாம் மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறோமே, அந்த நிலைக்கே ஒரு முகம் கொடுத்தால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறார். வார்ப்பில் இரண்டு தாடியும் சேரும் இடத்தில் உலோகம் நன்றாக இறங்கியிருக்கிறது. மயிர்ச் சுருள் ஒவ்வொன்றும் தெரிகிறது.

திருப்பினால் கப்பலின் முன்பக்கம். ஆறு காசிலும் பின்பக்கம் இதேதான். எங்கள் கரையில் படகின் முன்பக்கத்தை அணியம் என்பார்கள். அணியமேதான்: மேலே வளைந்த கொம்பு, கீழே எதிரிக் கப்பலை இடிக்கும் முனை. நாம் பூவா தலையா போடுவது போல ரோமானியப் பிள்ளைகள் 'தலைகளா, கப்பல்களா' என்று கத்திக் காசைச் சுண்டினார்களாம். கப்பல் ஏன் வந்தது என்பதற்கு அவர்களே ஒரு கதை சொன்னார்கள். வானுலகத்தில் இருந்து துரத்தப்பட்ட சட்டுர்ன் என்ற தெய்வம் கப்பலேறி இத்தாலிக் கரைக்கு வந்தார், யானுஸ் அவருக்கு இடம் கொடுத்தார், அந்த நன்றிக்குத்தான் காசில் கப்பல் என்று. முந்தின போரில் கார்த்தேஜைக் கடலில் ஜெயித்த பெருமைதான் உண்மைக் காரணம் என்று சொல்கிறவர்களும் உண்டு. அடைக்கலம் கொடுத்த கதை எனக்குப் பிடித்திருக்கிறது.

சட்டுர்ன் என்றதும் எங்கள் வீட்டில் ஒரு சிக்கல் வந்தது. அரை ஆஸில் இருப்பவர் அவர்தான். அம்மாவிடம் காட்டி, நம்ம சனி கிரகத்துக்கு இவர் பேர்தான் வெள்ளைக்காரன் வச்சிருக்கான் என்று சொல்லிவிட்டேன். அம்மா வருஷம் தவறாமல் தேவிபட்டினம் போய்க் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணத்தைச் சுற்றி வருகிறவர். "சனி பகவான் முகத்தை வீட்டுக்குள்ள கொண்டாந்து வச்சிருக்கியேடா" என்று பதறிவிட்டார். உட்கார வைத்து விளக்கினேன். இவர் விதைப்புக்கு உரிய தெய்வம், கையில் கதிர் அரிவாள் இருக்கும், இவர் ஆண்ட காலத்தில் யாருக்கும் பசியே இல்லை என்று அந்த ஊரார் நம்பினார்கள், ரோம் அரசாங்கத்தின் கஜானாவே இவர் கோயிலுக்குள்தான் இருந்தது என்று. "விதைக்கிற சாமின்னா சரி, இருக்கட்டும்" என்றார். இப்போது அந்தக் காசு அரிசிப் பானைக்கு மேல் தட்டில் இருக்கிறது. அம்மா வைத்ததுதான்.

அடுத்தடுத்த காசுகளில் மினெர்வா, எர்க்குலஸ், மெர்க்குரி. கடைசிக் குட்டியில் தலைக்கவசம் போட்ட ரோமா தேவி. மினெர்வா கைத்தொழில்காரர்களுக்கு உரிய தெய்வம். மெர்க்குரி வியாபாரிக்கு உரியவர். புதன் கிரகமும் புதன்கிழமையும் அங்கே அவர் பெயரில்தான். எர்க்குலஸைப் பற்றிக் காக்கா சொன்ன ஒரு விஷயம் என்னை நிறுத்தியது. ரோமில் மாட்டுச் சந்தையில் அவருக்குப் பெரிய பலிபீடம் இருந்தது. வியாபாரிகள் லாபத்தில் பத்தில் ஒரு பங்கை அங்கே செலுத்துவார்கள். மகமை! எங்கள் தாத்தா கணக்கு நோட்டில் முதல் பக்கத்திலேயே மகமைக்கு என்று ஒரு வரி போட்டிருப்பார். அவர்களும் சிங்கத்தோல் போர்த்திய ஒருவருக்கு அப்படி எடுத்து வைத்திருக்கிறார்கள்.

சரி, வார்ப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் அபிப்பிராயத்துக்கு மதிப்பு இருக்கிறதென்றால் அது இந்த ஒரு விஷயத்தில்தான். இந்தப் பெரிய காசுகள் அசலிலேயே வார்த்தவை. இரண்டு பாதி அச்சுகளைச் சேர்த்துக் கட்டி, வரிசையாக வாய்க்கால் விட்டு, உலோகம் உருக்கும் மூசையில் இருந்து ஊற்றியிருக்கிறார்கள். அதனால் விளிம்பைச் சுற்றி இரண்டு அச்சும் சேர்ந்த கோடும், ஊற்றிய வாயில் நிற்கும் காம்பை வெட்டிய தழும்பும் இருக்கும். காக்காவின் பட்டறைக்காரர் அந்தத் தழும்பை அரத்தால் மழுக்கி அழகு பண்ணாமல் அப்படியே விட்டிருக்கிறார். தொழில் தெரிந்த கை.

சுண்டியபோது மட்டும் எனக்கு ஒரு சந்தேகம். கொஞ்சம் கூடுதலாகவே கணீரென்று கேட்டது. அசலில் செம்பு, வெள்ளீயத்தோடு காரீயமும் கணிசமாக இருக்கும். காரீயம் கலந்தால் உலோகம் அச்சின் மூலைமுடுக்கெல்லாம் நன்றாக ஓடும், ஆனால் ஓசை செத்துப்போகும். கேட்டேன். காக்கா சிரித்துவிட்டு, "பிள்ளைங்க கையில எடுத்து விளையாடுற சாமான் தம்பி, காரீயம் எதுக்கு? வேண்டாம்னு நான்தான் சொன்னேன்" என்றார். சமையல் பாத்திரத்துக்குக் காரீயம் ஆகவே ஆகாது என்று தினமும் வாடிக்கையாளர்களிடம் சொல்கிறவன் நான். அவர் செய்ததுதான் சரி. ஓசையும் நிறமும் அசலில் இருந்து கொஞ்சம் மாறும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள், அவ்வளவுதான்.

அப்புறம் தனித்தனி நகரங்களின் காசுகள். என்னை அந்தக் கடைக்கு மறுபடி மறுபடி இழுத்தது இவைதான். ரோம் பெரிய ஊராகி எல்லாவற்றையும் விழுங்குவதற்கு முன்னால் இத்தாலியில் பல நகரங்கள் தங்கள் காசைத் தாங்களே போட்டன. தன் காசில் தன் தெய்வம். எந்த ஊரில் என்ன தொழில் என்பது காசில் இருக்கும் சாமியைப் பார்த்தாலே தெரிந்துவிடுகிறது.

பிரிண்டிசியின் பழைய பெயர் புருண்டிசியம். துறைமுகம். கி.மு. 244-ல் ரோம் அங்கே குடியேற்றம் வைத்தது. அந்த ஊர்க் காசில் கடல் தெய்வம் நெப்டியூன், பின்னால் மூன்று முனை ஈட்டி. நம் கண்ணுக்கு அது முதலில் திரிசூலமாகத்தான் தெரியும். ஆனால் முனைகளைப் பாருங்கள், மீன் குத்துகிற ஈட்டி. திருப்பினால் ஓங்கிலின், அதாவது டால்பினின் முதுகில் ஒரு பையன் உட்கார்ந்து வருகிறான், கையில் யாழ். மன்னார் வளைகுடாவில் விடியற்காலையில் வள்ளத்துக்குப் பக்கத்தில் ஓங்கில் கூட்டம் துள்ளி வருவதைப் பார்த்தவர்களுக்கு அந்த முதுகின் வளைவு எவ்வளவு சரியாக இருக்கிறது என்று புரியும். பாம்பனில் இருந்து வந்திருந்த ஒருவர் என் கண் முன்னாலேயே அந்த ஒரு காசை மட்டும் நாலு வாங்கிக்கொண்டு போனார்.

இத்தாலியின் கால் விரல் பக்கம் புருத்தி என்று ஒரு மக்கள். அவர்கள் காசில் ஒரு கடல் தேவி, தலையில் நண்டு ஓட்டைக் கிரீடமாக அணிந்திருக்கிறாள். பின்பக்கம் முழு நண்டு. கொடுக்கு, கால், கண் எல்லாம் தெளிவு. மண்டபம் ஊரில் நண்டு வாங்குகிறவர் வீட்டில் இருக்க வேண்டிய காசு இது.

நேப்பிள்ஸ் காசில் ஒரு பக்கம் அப்பொல்லோ. மறுபக்கம் காளை உடம்பு, மனிதத் தலை, தாடி. அது ஒரு நதியின் தெய்வ உருவம் என்கிறார்கள். காமதேனு படத்தில் பசு உடம்பில் பெண் முகத்தைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். எனக்கு அது விநோதமாகவே தெரியவில்லை. மாடு என்றதும் இன்னொன்று. காசு வருவதற்கு முன்னால் ரோமில் வெண்கலப் பாளங்களைத்தான் எடை போட்டுப் புழங்கினார்கள். சில பாளங்களில் காளை உருவம் வார்த்திருக்கும். காக்கா ஒன்றரைக் கிலோவில் அப்படி ஒன்று வைத்திருக்கிறார், விற்பதற்கு இல்லை. லத்தீனில் பணத்துக்குச் சொல்லும் பெக்கூனியா, மந்தையைக் குறிக்கும் பெக்குஸ் என்ற சொல்லில் இருந்து வந்தது. நம் பழந்தமிழிலும் மாடு என்றால் செல்வம்.

இத்தாலியின் நடுப்பகுதியில் கியானா பள்ளத்தாக்குப் பக்கம் கிடைக்கும் ஒரு சின்னக் காசும் இருக்கிறது. அதில் யானை, கழுத்தில் மணி கட்டிய யானை. ஹன்னிபால் காலத்தது என்று பெரும்பாலானவர்கள் சொல்கிறார்கள். எந்த ஊர் போட்டது என்று காசில் எழுத்து இல்லை. மறுபக்கம் ஒரு ஆப்பிரிக்கர் முகம். அந்த மணியை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நாக்குகூடத் தெரிகிறது.

குறைக்கு வருகிறேன். ரோமுக்கு வடக்கே வாழ்ந்த எத்ருஸ்கன் மக்களின் வொல்தெர்ரா நகரத்துப் பெரிய காசு. கூம்புத் தொப்பி போட்ட, தாடி இல்லாத, இளம் இரட்டை முகம், பின்னால் ஓங்கில். சுற்றி வெலத்ரி என்று ஊர்ப் பெயர். எத்ருஸ்கன் எழுத்து வலமிருந்து இடமாக ஓடும். அச்சு செய்தவர் காகிதத்தில் பார்த்ததை அப்படியே அச்சில் வெட்டிவிட்டார். அச்சில் நேராக வெட்டினால் காசில் இடவலம் மாறி விழும் என்பது எங்கள் தொழிலின் அரிச்சுவடி, ஆனாலும் அவசரத்தில் எல்லோருக்கும் நடக்கும். விளைவு, எழுத்து இடமிருந்து வலமாக வந்துவிட்டது. காக்கா தானே படத்தை எடுத்து வைத்துத் தப்பைக் காட்டி, பாதி விலைக்குக் கொடுக்கிறார். அந்தத் தொகுதி தீர்ந்து புதுசு வரும்வரை காத்திருப்பது நல்லது.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நகரங்களின் சின்னக் காசுகள் பெரும்பாலும் அசலில் வார்த்தவை இல்லை, அடித்தவை. வெண்கல வில்லையைக் காய்ச்சி, மேலும் கீழும் அச்சை வைத்துச் சம்மட்டியால் ஒரே அடி. அடித்த உலோகத்தில் கோடுகள் கத்தி மாதிரி நிற்கும், விளிம்பு வெடித்திருக்கும். காக்கா எல்லாவற்றையும் வார்த்தே கொடுக்கிறார். அதனால் புருண்டிசியம் பையனின் யாழில் நரம்பு வழுவழுத்துப் போயிருக்கிறது, நேப்பிள்ஸ் காளையின் தாடி மாவு மாதிரி இருக்கிறது. நண்டும் யானையும் தப்பித்துக்கொண்டன. ஒன்று 350 ரூபாய் என்பது இந்தக் குறையோடு பார்த்தால் அதிகம். ஆறு காசு ரோம் வரிசை, மரப்பெட்டியோடு 3,600 ரூபாய். அரைக் கிலோவுக்கு மேல் நல்ல வெண்கலம், அந்த வார்ப்புக் கூலி எல்லாம் கணக்குப் போட்டால் அது நியாயமான விலை. கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

சின்னக் காசுகளில் நான் விலை பேசாமல் வாங்கியது ஒன்றே ஒன்று. ஐசெர்னியா. மலைப்பகுதியில் இருந்த ஊர், கி.மு. 263-ல் ரோமின் குடியேற்றம். முன்பக்கம் வல்கன், அதாவது உலைக்களத்துத் தெய்வம். தலையில் தொழிலாளிகள் போடும் கம்பளித் தொப்பி, அதன்மேல் இலை மாலை. பக்கத்தில் வோல்கானோம் என்று பெயரும் எழுதியிருக்கிறது. கழுத்துக்குப் பின்னால், காதுக்கு நேராக, ஒரு குறடு. மறுபக்கம் இடியைக் கையில் ஏந்திய யூப்பிட்டர் தேரில் போகிறார். அந்தப் பக்கத்தை நான் சரியாகப் பார்க்கவே இல்லை.

குறட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் வளைந்து, மூசையைக் கவ்வுகிற மாதிரி. கைப்பிடி நீண்டு, நுனி லேசாக உள்ளே மடங்கி. என் பட்டறையில் இப்போது தொங்குகிற குறடும் அதே வடிவம்தான். இரண்டாயிரத்து இருநூறு வருஷத்தில் அந்தச் சாமானை மாற்ற யாருக்கும் தேவை வரவில்லை. வாளும் வில்லும் வேலும் பிடித்த தெய்வங்களைக் காசில் பார்த்திருக்கிறேன். வேலைக்காரனின் தொப்பியும் குறடுமாக ஒரு சாமியைக் காசில் போட்ட ஊர் எனக்கு அதுவரை தெரியாது. பொப்புலோனியா என்று இன்னொரு ஊரும் இப்படித்தான் என்று காக்கா சொன்னார். எல்பா தீவின் இரும்புத் தாதுவை உருக்கிய எத்ருஸ்கன் நகரம். அவர்கள் தங்கள் உலைத் தெய்வத்தை செத்லன்ஸ் என்று அழைத்தார்கள். காசின் பின்பக்கம் சுத்தியலும் குறடும். அந்த ஊரில் மலைமாதிரி குவிந்து கிடந்த கசடை 20-ஆம் நூற்றாண்டில் மறுபடி உருக்கி இரும்பு எடுத்தார்களாம். அந்தக் காசை இன்னும் வார்க்கவில்லை. வந்தால் எனக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று கேட்டு வைத்திருக்கிறேன்.

போன ஆயுத பூஜைக்கு உலை மேடையில் அரம், சுத்தியல், குறடு எல்லாவற்றையும் கழுவி வரிசையாக வைத்தோம். ஐசெர்னியாக் காசையும் ஓரத்தில் வைத்தேன். பட்டறைப் பையன் ஒவ்வொன்றுக்கும் சந்தனம் வைத்துக்கொண்டே வந்தவன், அதற்கும் விரல் நுனியால் ஒரு பொட்டு வைத்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை.

வாங்குகிறவர்களுக்கு: பச்சை நிறம் செயற்கையாக ஏற்றித் தருவதில்லை, கேட்டாலும் தர மாட்டார். நம் உப்புக் காற்றில் நாலைந்து மாதத்தில் தானாகவே நிறம் இறங்கும். அதைப் புளி, எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். காய்ந்த துணி போதும். அஞ்சலில் அனுப்புகிறார், ஆனால் ஆஸைத் தனியாகச் சுற்றி அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு வந்த இரண்டாவது பெட்டியில் அது உருண்டு உன்சியாவின் மூக்கில் ஒரு பள்ளம் போட்டுவிட்டது. சொன்னதும் கேள்வி கேட்காமல் வேறு அனுப்பினார். நேரில் போனால் கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். தேநீர் வரும், கூடவே ஒரு துண்டுத் தொதல். ஒவ்வொரு காசுக்கும் அவர் கால் மணி நேரம் பேசுவார், அவசரப்படுத்தாதீர்கள்.

சின்னக் காசுகளை அடித்தே செய்ய வேண்டும் என்று மூன்றாவது முறை போனபோது சொன்னேன். "அடிக்கலாம் தம்பி, இரும்புல அச்சு வெட்ட ஆளு எங்க இருக்கு?" என்றார். நான் வெட்டித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கடை அடைத்த பிறகு ராத்திரி ஒரு மணி நேரம் உட்காருகிறேன். ஐசெர்னியாவில் இருந்து தொடங்கியிருக்கிறேன். இதுவரை குறடு மட்டும் முடிந்திருக்கிறது, இடவலம் மாற்றித்தான் வெட்டியிருக்கிறேன். தொப்பியும் முகமும் இனிமேல்தான்.